கொளுத்தும் வெயிலிலும் காயாத விறகு: விறகு ஓவனுக்குப் புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

பொங்கலும் தைப்பூசமும் வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் பினாங்கில் மழை குறைந்த காலம். வெயில் மண்டையைப் பிளக்கும். அப்போது விறகு விற்பவரிடம் கேட்டால் வரும் பதில் இதுதான்: "அடிக்கிற வெயிலுக்கு ஒரே வாரத்துல காஞ்சிடும்ண்ணே." நம்பி வாங்கி அடுக்கியவர், அன்னதான அண்டாவுக்கு அடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் பின்னால் செங்கல் ஓவன் கட்டி ரொட்டி சுடுகிறவர்களிடம் வேறொரு பேச்சு: "தீதான் நல்லா எரியுதே, மாவை உள்ள தள்ளு." பத்து நிமிடத்தில் மேலே கருகி, அடியில் மாவாகவே வெளியே வரும்.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே குழப்பம். விறகைக் காயவைப்பது வெயிலின் சூடு என்றும், ரொட்டியை வேகவைப்பது தீ என்றும் நினைத்துவிடுகிறோம். விறகைக் காயவைப்பது காற்று. ரொட்டியை வேகவைப்பது செங்கல். சூடும் தீயும் இந்த இரண்டுக்கும் துணைக்கு நிற்பவை.

காற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது?

மழைக்காலத்தில் கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் துணி காயப்போட்டவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. வெப்பமானி 30 பாகை செல்சியஸ் காட்டும், துணி மறுநாளும் நசநசக்கும். அதே துணியைக் குளிர்சாதனம் ஓடும் அறையில் தொங்கவிட்டால், 24 பாகையிலேயே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். குளிரில் எப்படிக் காய்ந்தது? குளிர்சாதனம் காற்றிலிருக்கும் நீரைப் பிரித்து, குழாய் வழியாக வெளியே சொட்டவிடுகிறது. காற்று வறண்டது, துணியிலிருந்த நீருக்குப் போக இடம் கிடைத்தது.

காற்று ஓரளவு நீராவியைத்தான் ஏந்த முடியும். அந்த அதிகபட்ச அளவில் இப்போது எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். 100 என்றால் காற்று நிரம்பிவிட்டது, ஒரு சொட்டையும் ஏற்காது.

வெயிலுக்கு இதில் என்ன வேலை? சூடு ஏற ஏறக் காற்றின் கொள்ளளவு கூடுகிறது. 27 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 26 கிராம் நீராவியை ஏந்தும். 33 பாகையில் 35 கிராமுக்கும் சற்று மேல். காலையில் 27 பாகை, ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காற்றில் ஏற்கெனவே 23 கிராம் இருக்கிறது, மீதி இடம் 3 கிராம்கூட இல்லை. பிற்பகலில் அதே காற்று 33 பாகைக்குச் சூடேறினால் 12 கிராமுக்கு இடம் பிறக்கிறது. வெயில் செய்யும் பெரிய உதவி இதுதான்.

நம் ஊரில் அந்த இடம் ஒரு நாளில் சில மணி நேரம்தான் திறந்திருக்கிறது. முற்பகல் கழிந்து மாலை வரை விறகு நீரை விடும். இரவில் ஒப்பு ஈரப்பதம் மறுபடி 90ஐத் தாண்டும்போது, விறகின் மேல்தோல் கொஞ்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பிற்பகல் மழை பெய்துவிட்டால் அன்றைய கணக்கு கிட்டத்தட்டப் பூஜ்யம்.

மரத்துக்குள் இருக்கும் இரண்டு தண்ணீர்

விறகின் ஈரப்பத அளவு என்பது, நீரெல்லாம் போன மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் அதிலுள்ள நீரின் எடை எத்தனை சதவீதம் என்பது. புதிதாக வெட்டிய பால்மரத்தில் இது 60 சதவீதத்தைத் தாண்டும். பால்மரம் என்று நாம் சொல்வது ரப்பர் மரத்தை; தோட்டத்து வழக்கு இன்னும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த நீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. மரத்தின் நுண்குழாய்களின் உள்ளே வெறுமனே தேங்கி நிற்பது ஒன்று. அது துவைத்த துணியில் சொட்டும் நீரைப் போல எளிதில் போய்விடும். குழாய்களின் சுவருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பது மற்றது. அதைக் கட்டுண்ட நீர் என்கிறார்கள். பிழிந்த பிறகும் துணியில் தங்கியிருக்கும் ஈரம் அது. ஈரப்பத அளவு ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கியதும் முதல் வகை தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு போக வேண்டியது கட்டுண்ட நீர், அது அடம்பிடிக்கும். மரம் சுருங்குவதும், முனையில் வெடிப்பு விழுவதும் இந்தக் கட்டத்தில்தான். "ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டது" என்று தோன்றுவதற்குக் காரணமும் இங்கே இருக்கிறது: முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கும், முனை வெடிக்கும், கைக்கு லேசாகும். நடுவில் இன்னும் பச்சை.

கடைசியில் ஒரு நிலையில் எடை இறங்குவது நின்றுவிடும். காற்றுக்கு மரம் கொடுப்பதும் காற்றிடமிருந்து வாங்குவதும் சமமாகிவிட்ட அந்த அளவுக்குச் சமநிலை ஈரப்பதம் என்று பெயர். வறண்ட பாலைவனத்தில் அது 6, 7 சதவீதம் வரை இறங்கும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சுமார் 15 முதல் 18. பத்து ஆண்டு கொட்டகையில் கிடந்தாலும் அதற்குக் கீழே போகாது. நல்ல வேளையாக, 20க்குக் கீழே இறங்கிய விறகு ஓவனுக்குத் தாராளமாகப் போதும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: காய்வது என்பது மரத்திலிருந்து காற்றுக்கு நீர் இடம்மாறுவது. அது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைக் காற்றிலுள்ள இடமும், எந்த அளவோடு நிற்கும் என்பதை ஊரும் தீர்மானிக்கின்றன. ஊரை மாற்ற முடியாது. மரத்தை வெட்டுவதும் அடுக்குவதும் நம் கையில்.

பிளப்பதும் அடுக்குவதும்

குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு "கோடையில் வெட்டி அடுத்த குளிர்காலத்துக்கு எரிப்பது" என்ற கணக்கை இங்கே கொண்டுவந்தால் பொருந்தாது. நமக்குக் கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. பினாங்கில் ஆண்டுத் தொடக்கமும், கோலாலம்பூரில் ஜூன், ஜூலையும் ஓரளவு மழை குறைந்தவை. மற்ற மாதங்களில் காயவே காயாது என்பதும் இல்லை. மாதத்தைவிடத் துண்டின் அளவுதான் முக்கியம்.

மரத்தின் குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. நீர் அந்த வழியாக முனைக்குப் போவது, பக்கவாட்டில் பட்டையைத் துளைத்துப் போவதைவிடப் பல மடங்கு எளிது. ஆகவே நீளத்தைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஓவனின் ஆழத்துக்கு ஏற்ப ஒன்றேகால் அடி போதும். பட்டை என்பது உயிருள்ள மரத்தில் நீரைக் காக்கவே இருப்பது. வெட்டிய பிறகும் அது அந்த வேலையை விடுவதில்லை. பிளக்காமல் உருளையாக விட்டால் ஓராண்டு கழித்தும் நடு ஈரம் போயிருக்காது. மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்த துண்டு நல்ல காற்றோட்டத்தில் சில மாதங்களில் தயாராகிவிடும்.

வெட்டிய சூட்டோடு பிளப்பது நல்லது. பெரும்பாலான மரங்கள் பச்சையாக இருக்கும்போது கோடரிக்கு எளிதில் வழிவிடும். காய்ந்து இறுகிய பிறகு, அதிலும் ரம்புத்தான் போலக் கெட்டியும் முறுக்கும் கொண்ட மரத்தில், ஆப்பு அடித்தாலும் கோடரி மாட்டிக்கொண்டு நிற்கும். பால்மரத்துக்கு இன்னொரு அவசரமும் உண்டு. அதில் மாவுச்சத்து அதிகம். ஈரத்தோடு குவித்துப் போட்டால் சில நாளிலேயே நீலம் பாய்ந்து பூசணம் பிடிக்கும். பிறகு துளைக்கும் வண்டு வந்து, அடியில் மாவு மாவாக உதிர்க்கும். எரியாமல் போகாது, ஆனால் அந்த அடுக்கை வீட்டுச் சுவரோடு சேர்த்து வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுக்கும்போது தரையில் படாமல் இரண்டு செங்கல் உயரமாவது தூக்க வேண்டும். பழைய பலகைத் தட்டு ஒன்று இருந்தால் போதும். ஒற்றை வரிசையாக, வெட்டுமுனைகள் காற்று வீசும் பக்கம் பார்க்கும்படி அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம். மழை வந்ததும் பதறிப்போய்த் தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுகிறோமே, அதுதான் விறகுக்குச் செய்யும் பெரிய கெடுதல். விறகு விட்ட நீராவி உள்ளேயே தேங்கி, தார்ப்பாயின் அடியில் வியர்த்து, மறுபடி விறகின் மேலேயே சொட்டும். பக்கவாட்டுச் சாரல் மேல்தோலைத்தான் நனைக்கும், அது ஒரு பிற்பகலில் போய்விடும். மூடிக் கட்டிய ஈரம் போகாது.

காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டைத் தட்டி ஓசை கேட்பார்கள். அது குத்துமதிப்புத்தான். நம்பகமான வழி சமையலறைத் தராசு. நடுத்தரமான நாலைந்து துண்டுகளில் எடையைப் பென்சிலால் எழுதி, அடுக்கின் நடுவில் சொருகிவைத்து, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் எடை அப்படியே நின்றால், நம் ஊர்க் காற்று தரக்கூடிய கடைசி அளவை விறகு எட்டிவிட்டது.

வெயிலில் விறகு பிளக்கும் ஆளுக்கும் அதே விதி

உடம்பு தன்னைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதால். வழிந்து சொட்டும் வியர்வையால் பயனில்லை. ஆவியானால்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் இடம் இல்லாதபோது விறகு காயாததுபோல வியர்வையும் காயாது. அதனால்தான் வறண்ட ஊரின் 35 பாகையைவிட நம் ஊரின் 33 பாகை ஆளை அதிகமாகச் சாய்க்கும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை, தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகைக்குள் இருந்தாலே முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. எண்ணைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று நினைக்க வேண்டாம்.

விறகு காயும் பிற்பகல் வேளை, கோடரி பிடிக்கும் வேளை அல்ல. காலையில் காற்று ஈரமாக இருந்தாலும் நேர்வெயில் இறங்கியிருக்காது. பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால்மணிக்கு ஒரு குவளை தண்ணீர். கூட இருப்பவர் பேச்சுக் குழறி, தடுமாறினால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலுக்குத் தூக்கி, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 999ஐ அழையுங்கள்.

எந்த மரம்?

கெட்டியான மரம் நின்று எரிந்து நல்ல தணல் தரும். லேசான மரம் பட்டென்று பற்றிச் சீக்கிரம் அடங்கும். பாலேக் புலாவ் பழத்தோட்டங்களில் கழிக்கும் ரம்புத்தான் கிளை முதல் வகை, டுரியான் மரம் இரண்டாம் வகை. சவுக்கும் மிக நல்ல விறகு. மறுநடவுக்காகத் தோட்டங்களில் 25, 30 ஆண்டு வயதில் சாய்க்கும் பால்மரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கரிக்குப் பேர்போன பக்காவ் மரம் அருமையாக எரியும், ஆனால் அது சதுப்புநிலக் காட்டு மரம்; நாமாகப் போய் வெட்டக் கூடாது. பற்றவைக்கக் காய்ந்த தேங்காய் மட்டை போதும், மண்ணெண்ணெய் வேண்டாம்.

சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பூச்சிமருந்து ஏற்றிய மரம் ஆகியவை உணவு சுடும் ஓவனுக்குள் போகவே கூடாது. சரக்குத் தட்டுப் பலகைகளில் முத்திரையைப் பாருங்கள். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஏற்றியது. 'எச்.டி.' என்றால் பூச்சியைக் கொல்ல மரத்தின் நடுப்பகுதியை 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கியது. சூடாக்கியது என்பதால் காய்ந்தது என்று பொருளில்லை.

புகை என்பது எரியாமல் போன விறகு

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் நீர் போகும். 200 பாகையைத் தாண்டியதும் மரம் சிதைந்து வாயுக்களை விடும். நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். வாயு போன பின் மிஞ்சும் கரி, தணலாகக் கனியும்.

ஈர விறகு நீரை ஆவியாக்குவதிலேயே தன் சூட்டைச் செலவழித்துவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் கதையின் சின்னப் பாதி. ஒரு கிலோ உலர்ந்த மரத்தில் சுமார் 18 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதனோடு 800 கிராம் நீர் சேர்ந்திருந்தால், அதை ஆவியாக்கிவிட ஏறக்குறைய 2 மெகாஜூல் போதும். ஒன்பதில் ஒரு பங்கு. அவ்வளவுதான் இழப்பு என்றால் யாரும் விறகைக் காயவைக்கவே மாட்டார்கள். பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. நீர் ஆவியாகும்வரை துண்டின் சூடு 100 பாகையை ஒட்டியே தேங்கிவிடுகிறது. அடுப்பின் உள்வெளியும் சூடேறாது. மர வாயுக்கள் முழுமையாக எரிய 600 பாகை அளவாவது வேண்டும். அது கிடைக்காததால் அவை எரியாமலே புகையாக வெளியேறுகின்றன. கண்ணை எரிக்கும் அந்தப் புகை நாம் காசு கொடுத்து வாங்கிய எரிபொருள். புகைபோக்கியின் உள்ளே பிசினாகவும், பக்கத்து வீட்டுக் கொடியில் நாற்றமாகவும் அது படிகிறது.

சுருக்கமாக: காய்ந்த விறகு அதிகச் சூடு தருவதற்கு முதற்காரணம், அதன் வாயு முழுதும் எரிவது.

ஓவனில் சமைப்பது செங்கல்

வீட்டு ஓவன் ஒன்றின் சூடேறும் பகுதியில் 500 கிலோ செங்கல் இருப்பதாகக் கொள்வோம். அதை 30 பாகையிலிருந்து 330க்கு ஏற்ற ஏறத்தாழ 135 மெகாஜூல் வேண்டும். நம் ஊரில் காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தருகிறது. பாதிக்கு மேல் புகைபோக்கி வழியே போய்விடும் என்பதால் 20 கிலோவாவது எரிக்க வேண்டும். இப்படிச் சூட்டைச் சேமித்து மெல்ல விடும் கனத்தை வெப்ப நிறை என்கிறார்கள். அதே ஓவனுக்குள் அடைபட்ட சூடான காற்றில் இருக்கும் ஆற்றல், செங்கல்லில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாசலில் தொங்கும் வெப்பமானி 300 என்று காட்டினாலும் மாவு வேகாததன் காரணம் இதுதான்: அது காற்றின் சூட்டைச் சொல்கிறது, செங்கல் இன்னும் ஏறவில்லை.

உணவுக்குச் சூடு மூன்று வழியில் போகிறது. தளக்கல் தொட்டுச் சுடுவது கடத்தல். மேற்கூரை தொடாமலே மேலிருந்து வீசுவது கதிர்வீச்சு. சுழலும் சூடான காற்று தருவது சலனம். நல்ல ரொட்டிக்கு முதல் இரண்டும் முக்கியம். மாமாக் கடை தந்தூரி அடுப்பிலும் இதே கதைதான். கரி அடியில் கிடக்க, நாண் ஒட்டியிருப்பது சூடேறிய மண்சுவரில்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். "சுவரை ரெட்டைச் செங்கல்லாகக் கட்டினால் சூடு வெளியே போகாது" என்பார்கள். செங்கல் சூட்டைச் சேமிக்கும், தடுக்காது. தடிமன் கூடினால் ஏற்ற வேண்டிய விறகும் கூடும். சூட்டைத் தடுப்பது செங்கல்லுக்கு வெளியே சுற்றும் வெப்பக் காப்பு, அதாவது காற்றறைகள் நிறைந்த லேசான பொருள். தளக்கல்லுக்கு அடியிலும் அது வேண்டும். பலர் கூரைக்குப் போட்டுவிட்டுத் தளத்தை மறந்துவிடுகிறார்கள். அடி வேகாத ரொட்டியின் இன்னொரு காரணம் அது.

சுடும் நாள்

புதிய ஓவனையும், மழைக்காலத்தில் பல வாரம் சும்மா கிடந்ததையும் எடுத்த எடுப்பில் முழுத் தீ போடக் கூடாது. செங்கல்லும் காரையும் நீர் குடித்திருக்கும். அது திடீரென ஆவியானால் விரிசல் விடும். சில நாள் சிறுதீ போட்டு ஆற்றி ஆற்றிப் பழக்க வேண்டும்.

தீ மூட்டிய சற்று நேரத்தில் உள்கூரை கரி படிந்து கறுக்கும். பதற வேண்டாம். செங்கல்லின் சூடு 350 பாகையைத் தாண்டிப் போகும்போது அந்தக் கரியே எரிந்து, கூரை மறுபடி வெளுக்கும். விலை கொடுத்து வாங்கும் எந்தக் கருவியையும்விட எனக்கு இந்த அறிகுறியில் நம்பிக்கை அதிகம். வெளுக்காமல் மணிக்கணக்கில் கறுப்பாகவே நின்றால் விறகைச் சந்தேகியுங்கள்.

வெளுத்ததும் தணலை ஓரமாக ஒதுக்கினால் நாணும் பீட்சாவும் போடலாம், இரண்டொரு நிமிட வேலை. ரொட்டிக்கு அந்தச் சூடு ஆகாது. தணலை முழுக்க வாரி வெளியே எடுத்து, ஈரத்துணி சுற்றிய கோலால் தளத்தைத் துடைத்து, கதவை மூடி அரைமணிக்கு மேல் விட வேண்டும். மேலோட்டமாக ஏறிய சூடு செங்கல்லுக்குள் பரவிச் சமமாகும். பிறகு ஒரு சிட்டிகை மாவைத் தளத்தில் தூவிப் பாருங்கள். தூவியதும் கருகினால் இன்னும் பொறுங்கள். மெல்லப் பழுப்பேறினால் ரொட்டிக்கு நேரம். வெள்ளையாகவே கிடந்தால் தவறவிட்டுவிட்டீர்கள். எண் வேண்டுவோருக்கு 220 முதல் 260 பாகை. வாரிய தணலை மூடிபோட்ட இரும்பு வாளியில், திறந்த வெளியில் வையுங்கள். கனியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவடைத்த இடத்தில் அது ஆளைக் கொல்லும்.

ரொட்டி முடிந்த பிறகும் 180, 200 பாகை இருக்கும். கோழியோ ஆட்டுக்காலோ அப்போது போகலாம். இன்னும் இறங்கியதும் மூடிபோட்ட மண்சட்டியில் கொண்டைக்கடலையை இரவு முழுக்க விட்டுவிடலாம்.

மறுநாள் காலையில் செங்கல் 100 பாகைக்கும் கீழே வந்திருக்கும். சாம்பலில் தணல் ஒன்றும் மிஞ்சவில்லை என்று கிளறிப் பார்த்துவிட்டு, அடுத்த முறைக்கான விறகை உள்ளே இடைவெளிவிட்டு அடுக்குங்கள். கதவை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள், நீராவி வெளியேற வழி வேண்டும். அந்தச் சூட்டில் உள்காற்றின் ஒப்பு ஈரப்பதம் வெளிக்காற்றில் ஒருநாளும் காண முடியாத அளவுக்கு இறங்கிவிடும். 17, 18 சதவீதத்தில் முரண்டுபிடித்து நின்ற விறகு அங்கே மேலும் சில சதவீதம் விட்டுக்கொடுக்கும். ஓவன் ஆறியதும் வெளியே எடுத்து அடுக்கினால், சில நாளில் காற்றிலிருந்து பழைய ஈரத்தை மறுபடி ஏற்றிக்கொள்ளும். எடுக்காமல் உள்ளேயே விட்டு, கதவை இறுக மூடிவிடுங்கள். அடுத்த தீயை அதைக்கொண்டே மூட்டலாம்.